மூன்றாம் நம்பர் கரண்டு

மே 3, சனி

சூடு: 37.5

இன்று நல்ல நேரம் பார்த்து என்னை என் அறையிலிருந்து நாடு கடத்தினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் நான் தனியரசு நடத்திய அறை. கட்டில், தலையணை, மன்னன் எல்லாம் ஹாலுக்கு வந்தாயிற்று. சிம்மாசனம் இருந்த இடத்தில் இப்போது ஒரு இரும்புப் பெட்டி நிற்கிறது. பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கல்யாணம் செய்து வைத்து முதல் பிள்ளை பிறந்தால் அப்படித்தான் இருக்கும். குஞ்சு பொரிக்கும் மெஷின். உள்ளே தட்டுத் தட்டாக நாட்டுக்கோழி முட்டைகள்.

எல்லாம் என் அக்கா மகள் பூங்கோதையின் ஏற்பாடு. தீவனக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள். அக்காவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "மொத ஈடு பொரிஞ்சா மெஷின் இருக்கட்டும். இல்லீனா பெட்டியத் தூக்கி வெளிய வெச்சுட்டு, கம்பெனிக்கே திரும்பிப் போயிரோணும். ஒத்துக்கிறயா?" என்றாள். பூங்கோதை ஒத்துக்கொண்டாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "மாமா, உள்ள சூடு முப்பத்தேழரைல நிக்கோணும். கரண்டு போனா பேட்டரி கொஞ்ச நேரந்தான் தாங்கும். நீங்க வீட்லதான இருக்கறீங்க, கரண்ட மட்டும் பாத்துக்கங்க."

கரண்டை மட்டுமா! இந்த செங்கோட்டுவேல் யார்? திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். மைக் பழுதான நாட்களில் வெறும் தொண்டையால் அறிவித்து, ஈரோட்டில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸையும் சேர்த்துக் கிளப்பியவன். "இந்த நிமிஷம் முதல் இந்த வீட்டின் மின்துறை அமைச்சர் நான்" என்று அறிவித்தேன்.

சூடு குறிக்க இந்த நோட்டைக் கொடுத்தாள். சூடு ஒரு வரிதான். மீதித் தாள் வீணாகக் கூடாதே என்று எழுதுகிறேன்.

மே 5, திங்கள்

சூடு: 37.5

கத்திரி பிறந்துவிட்டது. மொட்டை மாடியில் காயப் போட்ட வடகம் தானாகவே பொரிந்தது. எண்ணெய் மிச்சம் என்றேன், அக்கா கரண்டியைத் தேடினாள்.

மே 7, புதன்

சூடு: 36.6. பூங்கோதையின் முகம் அதற்கும் கீழே.

வீதியில் இருக்கிற ஏசியெல்லாம் ஓடத் தொடங்கியதில் பிற்பகல் வோல்டேஜ் படுத்துவிட்டது. ஹால் விசிறி சுற்றிய வேகத்துக்கு, அதன் இறக்கையில் ஒரு பல்லி குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடமும் அனுப்பலாம். "மாமா, ஹீட்டரு ஏறவே மாட்டேங்குது!" என்று உள்ளிருந்து சத்தம்.

அமைச்சர் எழுந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்று கம்பிகளில் கரண்டு வருகிறது. எந்தக் கம்பி வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சுவரில் ஒரு குமிழ் உண்டு: ஒன்று, இரண்டு, மூன்று. வீடு ஒன்றில் இருந்தது. இரண்டுக்குத் திருப்பினேன். விசிறி எழும்பியது பாருங்கள், காலண்டரில் ஆகஸ்ட் வரை பறந்துவிட்டது. சூடு கால் மணியில் ஏறிவிட்டது.

அந்த வெற்றிக் களிப்பில் அக்காவுக்குக் கரண்டு வரும் வழியை விளக்கினேன். மேட்டூரில் பிறக்கிறது. பிறந்த உடனே வோல்டேஜை மலையளவு ஏற்றி இரும்புக் கோபுரங்கள் வழியாக அனுப்புகிறார்கள். அது எக்ஸ்பிரஸ், வழியில் கை காட்டினால் நிற்காது. ஊருக்கு வெளியே சப் ஸ்டேஷனில் வோல்டேஜை இறக்கி டவுன் பஸ்ஸில் மாற்றுகிறார்கள். வீதி முனை டிரான்ஸ்பார்மரில் இன்னும் இறக்கி மினி பஸ். அந்த மினி பஸ்தான் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

"அதுக்கு? செத்த நகரு, சோறு வடிக்கோணும்" என்றாள்.

இரண்டாம் கம்பியின் ரகசியத்தை யாருக்கும் சொல்லப் போவதில்லை. எதிர்வீட்டு மங்கையர்க்கரசி டீச்சரிடம் மட்டும் சொன்னேன். தனியாக இருக்கிறவர், புழுங்கக் கூடாது. மேட்டூரிலிருந்து மினி பஸ் வரை முழுக்கதையும் விளக்கினேன். கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டார். என்ன பாடம் எடுத்து ஓய்வு பெற்றாரோ தெரியாது. பேச்சிலிருக்கும் நிதானத்தைப் பார்த்தால் தமிழாகத்தான் இருக்கும். பிறகு போர்வெல் போடுகிற ரிக் வண்டி அத்தியப்பன் அவராகவே கேட்டார், சொன்னேன். டைலர் சின்னண்ணனிடம் சொன்னது பேச்சுவாக்கில்.

மே 9, வெள்ளி

சூடு: 36.4

வீதி முழுக்க இரண்டாம் கம்பியில் தொங்குகிறது! எந்த வாயாடி சொல்லித் தொலைத்தானோ. வோல்டேஜ் மறுபடியும் படுத்துவிட்டது.

ஓசைப்படாமல் மூன்றுக்கு மாறினேன். பத்து நிமிஷம் சொர்க்கம். பிறகு அத்தியப்பன் மதில் மேல் தலையை நீட்டினார். "ஏனுங் மாமா, உங்கூட்டு டியூப்லைட் மட்டும் கல்யாண மண்டபமாட்டம் எரியுது? எதுல இருக்கறீங்?"

இந்த வீதிக்கே நான் மாமா. கேட்பவர்களிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மூன்று என்றேன்.

மாலைக்குள் மொத்த மந்தையும் மூன்றுக்கு வந்துவிட்டது. நான் ஒன்றுக்குப் போனேன். அதுவும் வந்தது.

மே 12, திங்கள்

சூடு: 35.2 வரை இறங்கி, மாலையில்தான் ஏறியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றாம் கம்பியின் ஃபியூஸ் டிரான்ஸ்பார்மரில் பட்டாசாக வெடித்தது. உடனே வீதியே எழுந்து குமிழை இரண்டுக்குத் திருப்பியது. அதுவும் வெடித்தது. மூன்றுக்குத் திருப்பியது. சொல்ல வேண்டுமா? தீபாவளி முடிந்துவிட்டது.

பேட்டரி ஓய்ந்த பிறகு பூங்கோதை மெஷினைக் கம்பளியால் சுற்றினாள். அது என் கம்பளி. பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். அக்கா இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

லைன்மேன் அர்த்தநாரி வந்தார். தலைக்கு மை, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ். ஏணியில் ஏறுவதை மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை ஏறுவது போல ஏறுவார். மூன்று ஃபியூஸையும் கட்டிவிட்டு அங்கிருந்தே பிரசங்கம் செய்தார்.

"யாருங் இந்த வீதில ஆடு மேய்க்கறது? மூணு கம்பியும் இந்த ஒரே டிரான்ஸ்பார்மருங்! மூணுலயும் பிரிஞ்சு நின்னீங்கன்னா எல்லாத்துக்கும் நல்லா வரும். அத்தன பேரும் ஒரே படிக்கட்டுல தொங்குனா பஸ்ஸு சாயாதுங்களா? இன்னைக்கு பீஸோட போச்சு. இன்னொருக்கா இப்படிப் பண்ணி டிரான்ஸ்பார்மரே போச்சுன்னா, புதுசு வந்து சேர நாலு நாளோ, அஞ்சு நாளோ, எனக்குத் தெரியாதுங்."

நாலு நாள் என்றபோது பூங்கோதை என்னைப் பார்த்தாள். எனக்கு அவசரமாகத் தண்ணீர்க் குடத்தை நகர்த்த வேண்டியிருந்தது.

மே 13, செவ்வாய்

சூடு: 37.5. இன்று நான் யாரிடமும் பேசவில்லை. வீதியில் மூன்று பேர் வந்து எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

மே 14, புதன்

சூடு: 37.3

உண்மையைப் பேசி ஊரைத் திருத்துவது என்று முடிவு செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மூன்றாகப் பிரிந்துகொள்வோம், எல்லோருக்கும் நல்லது என்றேன்.

அத்தியப்பன் கேட்டார்: "அப்ப நல்ல கம்பிய நீங்க வெச்சுட்டு எங்களப் பிரிச்சு உடறீங்களாக்கு?"

டைலர் சின்னண்ணன் வாயில் ஊசியோடு, "மொதல்ல அவுங்க மாறட்டுங், மாமா" என்றார். அவுங்க யார் என்று கேட்டேன். கத்திரிக்கோலால் மொத்த வீதியையும் காட்டினார்.

உண்மைக்கு இந்த வீதியில் வோல்டேஜே இல்லை.

டீச்சர் மட்டும் மோர் கொடுத்தார். "நீங்க சொல்றது சரிதானுங் டைம் கீப்பரே. ஆனா இப்படிச் சொன்னா ஆரு கேப்பாங்க?" என்றார். இந்தச் சட்டை அங்கே போவதற்காகப் போட்டதல்ல.

மே 15, வியாழன்

சூடு: 37.5

பூங்கோதை அறையை இருட்டாக்கி, ஒரு முட்டைக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினாள். உள்ளே சிவப்பு நரம்புகள், மர வேர் போல. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது துள்ளியது.

"பாத்தீங்களா மாமா? உசுரு."

நான் இமயமலையை நேரில் பார்த்திருக்கிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பார்த்திருந்தாலும் இப்படி நின்றிருக்க மாட்டேன்.

மே 16, வெள்ளி

சூடு: 37.4

இன்று காலை டீக்கடையில் என் மூளையில் மின்னல் வெட்டியது. பக்கத்திலிருந்தவருக்கு ஷாக் அடித்தது.

அத்தியப்பனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன். தாழ்ந்த குரல் என்றால், கடைக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவு. "அத்தியப்பா, உனக்கு மட்டும் சொல்றேன். மூணு கம்பியும் ஒரே எடத்துலிருந்து வருதுன்னு அர்த்தநாரி சொல்றதெல்லாம் மேலதிகாரிக்குப் பயந்து சொல்றது. ஒண்ணாம் நம்பரு மேட்டூரு. அசல் காவேரித் தண்ணில எடுத்த கரண்டு. ரெண்டாம் நம்பரு நெய்வேலி, பூமிக்குள்ள வெட்டுன நிலக்கரி. மூணாம் நம்பரு ஆரல்வாய்மொழி, காத்தாடிக் கரண்டு."

அத்தியப்பனின் டீ பாதி வழியில் நின்றது. "அப்ப எனக்கு எது மாமா செட் ஆகும்?"

"பூமியத் தொளச்சுச் சோறு திங்கற குடும்பம். பூமிக்குள்ளிருந்து வர்ற கரண்ட உட்டுட்டுக் காத்துல வர்றதையா புடிப்பே?"

"அதான பாத்தேன்!" என்று டீயைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

டைலர் வீட்டம்மா பக்தி மிகுந்தவர். "காவேரிக் கரண்டுல சாமி ரூம் லைட்டப் போட்டா வூட்டுக்குள்ளயே தீர்த்தம்" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வடக்குச் சாரி முழுக்க அவர் பேச்சுத்தான் சட்டம். மூச்சிரைப்பு உள்ளவர்களையும், மாடி வீட்டுக்காரர்களையும், புறா வளர்ப்பவரையும் காற்றுக் கரண்டில் ஏற்றினேன். விசிறியின் கீழே நின்று முகர்ந்தால் தென்மலைக் காற்று மணக்கும் என்று ஒரு பிடி கூடுதலாகவும் தூவினேன்.

டீச்சருக்கும் விளக்கினேன். அவர் மேலுதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அங்க காத்தடிக்காத அன்னைக்கு?"

"ஸ்டாக் வெச்சிருப்பாங்க டீச்சர்."

அவருக்கு இருமல் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கு எந்த நம்பருங்?" என்றார்.

நான் வெகு நேரம் யோசித்து மூன்று என்றேன். எங்கள் வீடும் மூன்றில் இருக்கிறது. அது தற்செயல்.

மே 19, திங்கள்

சூடு: 37.5. காலை, மதியம், மாலை மூன்று வேளையும்!

வீதி சமத்தாகப் பிரிந்துவிட்டது. அத்தியப்பன் வீட்டில் நிலக்கரிக் கரண்டில் தோசை முறுகலாக வருகிறதாம். கேஸ் அடுப்புத் தோசை அது. டைலர் வீட்டம்மா, காவேரிக் கரண்டு வந்ததிலிருந்து மோட்டார் போட்டால் தண்ணீர் இனிக்கிறது என்கிறார்.

அர்த்தநாரி டிரான்ஸ்பார்மரில் கிடுக்கி மாதிரி ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "மூணு கம்பியும் தராசு புடிச்சாப்பல நிக்குது! என்ன மாயம் மாமா பண்ணுனீங்க?"

"மக்களுக்கு அறிவியல் சொன்னேன்."

மே 22, வியாழன்

சூடு: 37.2. கடைசி மூன்று நாள் இப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

முட்டைகளைப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றியாயிற்று. அக்கா அந்த அறையை இன்று மட்டும் ஐந்தாறு முறை கூட்டினாள். கூட்டுகிறவள் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எதற்கு நிற்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் துடைப்பம் என் பக்கம் திரும்பும்.

மே 23, வெள்ளி

சூடு: எழுத எனக்கு அவகாசமில்லை.

மதியம் மரக்கிளை வெட்டுவதற்காகக் கரண்டை நிறுத்தினார்கள். பேட்டரி முழுவதும் வடியவும், மாலையில் கரண்டு வரவும் சரியாக இருந்தது. பேட்டரி மறுபடி ஏறுவதற்குள் பூங்கோதை கத்தினாள்: "மாமா! ஒண்ணு ஓட்டக் கொத்திருச்சு!" ஓடினேன். ஒரு முட்டையில் மிளகளவு ஓட்டை. உள்ளிருந்து மூச்சு வாங்குவது போல ஓர் அசைவு. விசிறி, மெஷின், வீதி ஏசி எல்லாம் போடுகிற இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்பார்மரில் டமால்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். வெள்ளிக்கிழமையானால் காவேரிக் கரண்டில்தான் விளக்கு வைக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இப்படியெல்லாம் எப்படித்தான் கதை கட்டுகிறார்களோ! நிலக்கரிக்காரர்களும் காற்றுக்காரர்களும் குளித்து முழுகி, திருநீறு பூசி, ஒன்றாக ஒன்றாம் நம்பருக்கு வந்திருக்கிறார்கள். அது வெடித்ததும் பழைய வழக்கப்படி இரண்டு. டமால். நான் "வேண்டாம்!" என்று வாசலுக்கு வருவதற்குள் மூன்று.

வீதி இருட்டாகவில்லை, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. எல்லோரும் வெளியே வந்து ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்தார்கள்.

"நெலக்கரில இருக்கறவனுக்கு ஒண்ணாம் நம்பர்ல என்ன வேல?" டைலர்.

"காவேரி என்ன உங்கூட்டுச் சொத்தா?" அத்தியப்பன்.

பூங்கோதை வாசற்படியில் நின்று, "பேட்டரில ஒண்ணுமே இல்ல மாமா" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம்.

நான் வீதி நடுவில் போய் நின்றேன். "எல்லாரும் கேளுங்க. நான் சொன்ன காவேரி, நெய்வேலி, ஆரல்வாய்மொழி எல்லாம்..." தொண்டை அடைத்துக்கொண்டது. ஈரோட்டு பஸ்ஸைக் கிளப்பிய தொண்டை!

அப்போது டீச்சர் படியிறங்கி வந்தார். கையில் அகல் விளக்கு. "ஒரு சந்தேகமுங்க. சாமி வெளக்கு எரியறது நல்லெண்ணெய்லதானுங்களே? அதுக்கு எந்த நம்பர் கரண்டா இருந்தா என்னங்க?"

திட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த அகலையே பார்த்தார்கள். விசிறியில்லை, ஏசியில்லை, மோட்டாரில்லை, டிவியில்லை. அந்த அமைதியில் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

கீச்.

மறுபடியும் கீச்.

நிலத்தைத் துளைத்து ஊரையே அதிர வைக்கிற அத்தியப்பன் குசுகுசுவென்று கேட்டார்: "மாமா, அது என்னங்?"

"கரண்டுக்குக் காத்திருக்கற சனம்" என்றேன். "சூடு இறங்குனா இப்படியே நின்னுரும். நம்ம பூங்கோதையோட மொத ஈடு."

அதற்குப் பிறகு யாரும் திட்டவில்லை. டைலர் வீட்டம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தார். அத்தியப்பன் வீட்டிலிருந்து கம்பளிகள் வந்தன. அக்கா பெட்டிக்கு முன்னால் காவல் நின்று, "கதவத் தொறக்காதீங்க, சூடு போயிரும்!" என்று, எத்தனையோ வருடமாக இதே தொழில் செய்கிறவள் போல எல்லோரையும் அதட்டினாள்.

அர்த்தநாரி வந்து ஏணியில் ஏறினார். "பீஸு கட்டீட்டேன். போட்டா மறுக்காவும் மொத்தமா ஏறி உழுவீங்க. நான் போட மாட்டேன்!"

டீச்சர் என்னைப் பார்த்தார். "டைம் கீப்பரே, வண்டியக் கெளப்புங்க."

தொண்டை திறந்துகொண்டது.

"பயணிகள் கவனத்திற்கு! ஒன்றாம் நடைமேடையில், மேட்டூர்க் காவேரி! வடக்குச் சாரி வீடுகள் மட்டும் ஏறவும்! இரண்டாம் நடைமேடையில், நெய்வேலி நிலக்கரி! தெற்குச் சாரி, ரிக் அத்தியப்பன் வீடு முதல் கோயில் வரை! மூன்றாம் நடைமேடையில், ஆரல்வாய்மொழிக் காற்று! மாடி வீடுகள், புறா வீடு, டீச்சர் வீடு, குஞ்சு வீடு! ஏசி என்னும் மூட்டை முடிச்சுகளை ஒரு மணி நேரம் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும்!"

எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ஜன்னல்களிலிருந்து பதில் வந்தது. "ஒண்ணுல ஏறியாச்சுங்!" "ரெண்டு ஏறியாச்சு மாமா!" "மூணு!"

"படிக்கட்டில் யாரும் தொங்கவில்லையே?"

"இல்லைங்!"

"போலாம், ரைட்!"

அர்த்தநாரி ஃபியூஸைப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. வெடிக்கவில்லை. எங்கள் வீட்டு விசிறி முனகிவிட்டுச் சுற்றியது. பெட்டிக்குள் விளக்கு வந்தது. பூங்கோதை என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். சட்டை நனைந்தது. வியர்வை என்று எழுதிவைக்கிறேன்.

மே 25, ஞாயிறு

சூடு: பூங்கோதை பார்த்துக்கொள்கிறாள். அமைச்சர் விடுப்பில்.

அறையில் ஓராயிரம் குஞ்சுகள். எண்ணிப் பார்த்தால் குறையலாம், நான் எண்ணுவதாயில்லை. கண்ணாடியைத் தட்டினால் அத்தனையும் என் பக்கம் திரும்புகின்றன. பஸ் ஸ்டாண்டில் கூட எனக்கு இவ்வளவு கூட்டம் கூடியதில்லை. "அம்மா, மெஷின எங்க வெக்கறது?" என்று பூங்கோதை கேட்டாள். "இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அடுத்த ஈடு வான்கோழி வெய்யி. செங்கோட்டுவேலு ஹால்ல படுத்துப் பழகீட்டான்" என்றாள் அக்கா. மன்னன் அரசை இழந்தான்.

வீதியில் வதந்தி முற்றிவிட்டது. காற்றுக் கரண்டில் பொரித்த குஞ்சு என்பதால் சீக்கிரம் பறக்குமாம். இதை நான் சொல்லவில்லை.

மாலையில் டீச்சர் குஞ்சு பார்க்க வந்தார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "காத்துக் கரண்டு நல்லாருக்குதுங் டைம் கீப்பரே. விசிறிக்கடியில நின்னு மோந்தும் பாத்தேன்" என்றார். அதே இருமல் வந்தது. அவர் போன பிறகு பூங்கோதை தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, அவங்க எனக்கு ப்ளஸ் டூல பிசிக்ஸ் எடுத்தவங்க. உங்களுக்குத் தெரியாதா? கரண்டு பாடத்துல புலி! இத்தன வருஷம் பாடம் நடத்துனேன், ஒரு பையங்கூடக் கரண்டு மணக்கும்னு பரீட்சைல எழுதுனதில்லன்னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க."

மேட்டூரிலிருந்து மினி பஸ் வரை நான் அவருக்கு எடுத்த பாடம் முழுவதும் ஒரு தரம் கண் முன்னால் ஓடியது. காற்றை ஸ்டாக் வைப்பது வரை. கட்டிலுக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே தீவன மூட்டை இருக்கிறது.

"மூணு கம்பியும் ஒண்ணுதான்னு தெரிஞ்சும் அவங்க எதுக்கு மாமா அன்னைக்கு மூணாம் நம்பருக்கு மாறுனாங்க? இன்னும் மூணுலயேவா இருக்கறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? எதிர்வீட்டுக் குமிழையெல்லாம் கவனிக்கறதா என் வேலை?" என்று அதட்டிவிட்டேன்.

மூன்றில்தான் இருக்கிறது.